எதிரொலியைச் சாட்சியாக எண்ணாத கணுக்கள்

ஒரே செய்தி மூன்று பேர் வாய் வழியாக வந்தால் அது மூன்று சாட்சி ஆகிவிடாது. நமக்குள் இப்படி நடந்தால் "உனக்கு யார் சொன்னது?" என்று ஆளாளுக்குக் கேட்போம், மூன்று பேரும் ஒரே ஆளைக் கைகாட்டினால் சுதாரித்துக்கொள்வோம். வலைப்பின்னலில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே வேலை செய்யும் கணினிகளுக்கு அந்தக் கேள்வி தானாக வராது. நாம்தான் நிரலில் எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும், எழுதி வைக்க என்ன வழி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பல கணுக்கள் (வலைப்பின்னலில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு கணு) சேர்ந்து இயங்கும் மென்பொருளில், எந்தக் கணு உயிரோடு இருக்கிறது, எது விழுந்துவிட்டது என்பதைக் கணுக்களே தங்களுக்குள் பேசி முடிவு செய்யும் பகுதியில்தான் என் வேலை. ஒருமுறை என்னிடம் பார்க்கச் சொல்லி ஒரு லாகை, அதாவது நடந்ததையெல்லாம் நிரல் வரி வரியாக எழுதி வைக்கும் பதிவை, அனுப்பினார்கள். ஒரு கணு நினைவகத்தைச் சுத்தம் செய்யும் வேலையில் சில விநாடிகள் உறைந்து நின்றிருக்கிறது. சாகவில்லை, உறைந்துதான் நின்றது. பக்கத்துக் கணு ஒன்று அதைச் சந்தேகப்பட்டு, தன் சந்தேகத்தை 0.6 என்று எழுதி இரண்டு பேருக்கு அனுப்பியது. அவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள், திரும்ப முதல் கணுவுக்கே அனுப்பினார்கள். ஒவ்வொரு சுற்றிலும், வந்த சந்தேகத்தைப் புதுச் சாட்சியாக எடுத்துக் கூட்டுகிறது நிரல். லாகில் அந்த எண் ஏறுவதை வரி வரியாகப் பார்க்கலாம்: 0.6, 0.84, 0.936, 0.974. நாலாவது வரியிலேயே எல்லாருக்கும் நிச்சயமாகிவிட்டது. உறைந்திருந்த கணு எழுந்து பார்த்தபோது அதன் வேலைகளை வேறொருவர் எடுத்துச் செய்துகொண்டிருந்தார்.

இவ்வளவுக்கும் முதல் சந்தேகத்துக்குப் பிறகு எந்தப் புதுத் தகவலும் அந்த வலைப்பின்னலுக்குள் வரவில்லை. ஒரே 0.6தான் சுற்றிச் சுற்றி வந்து வீங்கியிருக்கிறது.

இதற்கு மருந்து தேடும்போதுதான் நம்பிக்கைச் சார்புகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஆர்தர் டெம்ப்ஸ்டர் 1967இல் அடித்தளம் போட்டார்; கிளென் ஷேஃபர் 1976இல் அதைச் சாட்சியங்களின் கணிதக் கோட்பாடாக ஒரு புத்தகமாகவே எழுதினார். அதனால் இருவர் பெயரையும் சேர்த்து டெம்ப்ஸ்டர்-ஷேஃபர் கோட்பாடு என்பார்கள். மையக் கருத்து எளிமையானது. வழக்கமான நிகழ்தகவில் 'உயிர்', 'சாவு' இரண்டுக்கும் மொத்தம் 1ஐப் பங்கு போட்டே ஆக வேண்டும். ஒன்றுமே தெரியாதபோது 0.5, 0.5 என்று எழுதுவோம். இரண்டு பக்கமும் பலமான சாட்சி இருந்து சரிசமமாக நிற்கும்போதும் அதே 0.5, 0.5தான். இந்த இரண்டு நிலைக்கும் உள்ள வித்தியாசம் அந்த எண்ணில் எங்கேயும் இல்லை.

நம்பிக்கைச் சார்பில் மூன்றாவதாக ஒரு பெட்டி உண்டு. 'உயிர் அல்லது சாவு, எதுவென்று தெரியாது' என்பதற்கும் நிறை கொடுக்கலாம். கணிதப்படி, எந்த உட்கணத்துக்கும் நிறை கொடுக்கலாம்; முழுக் கணத்துக்குக் கொடுப்பதுதான் 'தெரியாது'. நான் மேலே சொன்ன கணுவின் சந்தேகம் இந்த மொழியில் இப்படி ஆகும்: சாவுக்கு 0.6, தெரியாதுக்கு 0.4, உயிருக்கு எதுவும் இல்லை. மீதி 0.4ஐ 'உயிர்' பக்கம் தள்ள வேண்டிய கட்டாயம் கிடையாது.

பரவலாக இயங்கும் கணுக்களின் விஷயத்தில் இந்த 'தெரியாது' பெட்டி அலங்காரம் இல்லை. 1985இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் நிரூபித்த முடிவு இந்தத் துறையில் எல்லாருக்கும் மனப்பாடம்: செய்தி எவ்வளவு தாமதமாகும் என்பதற்கு எல்லையே இல்லாத அமைப்பில், ஒரே ஒரு கணு விழ வாய்ப்பிருந்தாலும், எப்போதும் முடிவுக்கு வந்து சேரும் உடன்பாட்டு முறை எதையும் எழுத முடியாது. காரணத்தின் வேர், மெதுவாக இருப்பவரையும் செத்துப்போனவரையும் வெளியில் இருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதுதான். அப்படியிருக்க, பதில் வரவில்லை என்ற உடனே 'சாவு' பக்கம் எண்ணை ஏற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பதில் வராதது 'உயிர்' என்ற நம்பிக்கையைக் கரைக்க வேண்டும். கரைந்தது 'தெரியாது' பெட்டிக்குப் போக வேண்டும்.

என் நிரலில் இப்படித்தான் வைத்திருக்கிறேன். ஒரு ஹார்ட்பீட், அதாவது 'இருக்கிறேன்' என்று கணு அவ்வப்போது அனுப்பும் சின்னச் செய்தி, வந்தால் உயிருக்கு 0.9, தெரியாதுக்கு 0.1. அடுத்தது வரத் தாமதமாக ஆக, 0.9 மெல்ல மெல்ல தெரியாதுக்கு ஒழுகுகிறது. சாவுக்கு நிறை ஏற வேண்டுமானால் அதற்கென்று நேரடிச் சாட்சி வேண்டும். அப்படிப்பட்டவை இருக்கத்தான் செய்கின்றன. இணைப்பு கேட்டால் அந்த இயந்திரத்தின் இயங்குதளமே 'இந்த போர்ட்டில் யாரும் இல்லை' என்று மறுத்துவிடும். அப்படியென்றால் இயந்திரம் இருக்கிறது, நிரல் போய்விட்டது. முறையாக நிறுத்தப்படும் கணு போகும்போது விடைபெற்றுக்கொண்டு போகும். இவை சாவுக்கான சாட்சிகள். நீண்ட மௌனத்துக்கும் கொஞ்சம் கொடுக்கிறேன், ஆனால் ஒரு வரம்புக்கு மேல் அது ஏறாது.

ஃபை அக்ருவல் என்ற முறையைத் தெரிந்தவர்கள், அதிலேயே சந்தேகம் படிப்படியாகத்தானே ஏறுகிறது என்று கேட்கலாம். 2004இல் ஹயாஷிபாராவும் உடன் ஆய்வாளர்களும் எழுதியது அது. கசாண்ட்ரா தரவுத்தளம் அதைத்தான் பயன்படுத்துகிறது, அதில் வழக்கமான வரம்பு 8. ஹார்ட்பீட் இடைவெளிகளின் வரலாற்றைப் பார்த்து, இவ்வளவு தாமதம் இயல்பாக வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டு மடக்கையில் சொல்கிறது. நல்ல முறை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதில் கிடைப்பது ஒற்றை எண். 'சாவு' எவ்வளவு, 'தெரியாது' எவ்வளவு என்பது அதற்குள் கலந்து கிடக்கிறது. நான் அதன் விடையை எடுத்து, மேலே சொன்ன ஒழுகல் வேகத்தை முடிவு செய்ய வைத்துக்கொள்கிறேன்.

சரி, இனி வீங்கும் பிரச்சினைக்கு வருவோம்.

இரண்டு சாட்சிகளைச் சேர்க்க டெம்ப்ஸ்டர் விதி சொல்வது: நிறைகளைப் பெருக்கு, பெருக்கியதை உட்கணங்களின் வெட்டுக்கு, அதாவது இரண்டுக்கும் பொதுவான பகுதிக்குக் கொடு. சாவு 0.6 என்று ஒருவர், சாவு 0.6 என்று இன்னொருவர். இருவரும் 'தெரியாது' என்று சொல்லும் பங்கு 0.4 × 0.4 = 0.16. மீதி 0.84 சாவுக்கு. இன்னொரு தடவை சேர்த்தால் தெரியாது 0.064, சாவு 0.936. லாகில் பார்த்த அதே எண்கள்தான். அந்த நிரலை எழுதியவர் டெம்ப்ஸ்டர் பெயரைக் கேள்விப்பட்டாரோ இல்லையோ, கணக்கு அதேதான். விதியில் தப்பு எதுவும் இல்லை. சாட்சிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்ற நிபந்தனையோடுதான் அது வருகிறது. வலைப்பின்னலில் முதலில் உடைவது அந்த நிபந்தனைதான்.

'சராசரி எடுத்தால் போதுமே, வீங்காதே' என்று தோன்றும். வீங்காது, உண்மை. ஆனால் இரண்டிரண்டாகச் சராசரி எடுத்துக்கொண்டே போனால், எது முதலில் வந்தது என்பதைப் பொறுத்து விடை மாறும். சேர்ப்புப் பண்பு அதற்கு இல்லை. செய்திகள் எந்த வரிசையில் வரும் என்பது நம் கையில் இல்லாதபோது, வரிசையைப் பொறுத்து மாறும் விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேண்டியது மூன்று பண்புகள். வரிசை மாறினாலும் விடை மாறக் கூடாது, எப்படிக் குழுவாகச் சேர்த்தாலும் மாறக் கூடாது, ஒரே செய்தியை எத்தனை முறை சேர்த்தாலும் ஒருமுறை சேர்த்ததாகவே இருக்க வேண்டும். 2011இல் ஷாப்பிரோவும் சகாக்களும் முறைப்படுத்திய சிஆர்டிடி என்ற, பல கணினிகளில் தனித்தனியாக மாறினாலும் மோதாமல் ஒன்றுசேரும் தரவு வடிவங்களோடு பழகியவர்களுக்கு இந்த மூன்றும் பழைய நண்பர்கள். செய்தி இரண்டு முறை வரட்டும், முன்பின்னாக வரட்டும், தொலைந்துபோய்த் திரும்ப அனுப்பப்படட்டும், கவலையில்லை.

இந்த மூன்றும் உள்ள ஒரு விதியை தியரி டெனோ 2008இல் தந்தார். எச்சரிக்கை விதி என்று சொல்லலாம். அதன் அழகு கணக்கை எழுதிப் பார்த்தால்தான் தெரியும். 'சாவுக்கு 0.6, தெரியாதுக்கு 0.4' என்ற எளிய சாட்சியை 0.4 என்ற ஒற்றை எடையாகக் குறித்துக்கொள்கிறோம். எடை 1 என்றால் ஒன்றுமே தெரியாது. 0 நோக்கி இறங்க இறங்கச் சாட்சி பலம். டெம்ப்ஸ்டர் விதி எடைகளைப் பெருக்குகிறது: 0.4, 0.16, 0.064. எச்சரிக்கை விதி எடைகளில் சிறியதை எடுத்துக்கொள்கிறது. 0.4, 0.4 இரண்டில் சிறியது 0.4. ஆயிரம் முறை திரும்பி வந்தாலும் 0.4தான். இன்னொருவர் நிஜமாகவே பலமான சாட்சியோடு, எடை 0.25 என்று வந்தால் 0.25 ஆகும். பெருக்கலை எடுத்துவிட்டுச் சிறியதைப் போட்டதும் அந்த லாகின் நோய் நின்றுவிட்டது.

பொதுவான நம்பிக்கைச் சார்புகளையும் இப்படி எளிய துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு உட்கணத்துக்கும் ஓர் எடையாக எழுதலாம். அந்தப் பிரிப்பு முறை ஃபிலிப் ஸ்மெட்ஸ் 1995இல் தந்தது. ஒரே நிபந்தனை, 'தெரியாது' பெட்டியில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். முற்றிலும் நிச்சயம் என்று சொல்பவரின் சாட்சியை இப்படிப் பிரிக்க முடியாது. எனக்கு இந்த நிபந்தனை மிகவும் பிடித்தமானது. வலைப்பின்னலில் எந்தக் கணுவுக்கும் நூறு சதவீதம் பேசும் உரிமை கொடுக்கக் கூடாது என்பதைக் கணிதமே கட்டாயப்படுத்துகிறது.

நடைமுறையில் நான் முழுப் பொதுமைக்குப் போவதில்லை. பத்து சாத்தியங்கள் என்றால் 1,024 உட்கணங்கள், இருபது என்றால் 10 லட்சத்துக்கு மேல். சிறு கணுக்கள் அதைத் தாங்காது. ஒரு கணுவைப் பற்றி இரண்டே எடைகள், சாவுக்கு ஒன்று, உயிருக்கு ஒன்று. ஆளுக்கொரு பைட்.

இதோடு முடிந்தது என்று விட்டுவிட்டால் இன்னொரு நோய் வரும். சிறியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும் விதி எதையும் மறக்காது. ஏதோ ஒரு கணுவின் நினைவகத்தில் ஒரு பிட் புரண்டு, யாரும் சொல்லாமலே 'சாவு, எடை 0.01' என்ற எண் உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கணு அதை எடுத்துக்கொள்ளும். அதனிடம் இருந்து மூன்றாவது எடுத்துக்கொள்ளும், மூன்றாவதிடம் இருந்து முதலாவது திரும்பப் பெறும். பிறந்த இடத்தில் அழித்தாலும் அந்தப் பேய் வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். வீங்காது, ஆனால் சாகவும் சாகாது.

டைக்ஸ்ட்ரா 1974இல் எழுப்பிய கேள்வி இதுதான்: எந்தக் குழப்பமான நிலையில் இருந்து தொடங்கினாலும், யாரும் வெளியில் இருந்து கை வைக்காமல், அமைப்பு தானாகச் சரியான நிலைக்கு வந்து சேருமா? தானே நிலைபெறுதல் என்ற துறையே அந்தக் கட்டுரையில் இருந்துதான் கிளம்பியது. நம்பிக்கைச் சார்புகளை அதோடு இணைத்தவர்கள் பெர்ட்ரான்ட் டுகூர்ட்டியால், வெரோனிக் ஷெர்ஃபாவி, டெனோ மூவரும், 2012இல். எனக்கு வழி திறந்தது அங்கேதான்.

ஷேஃபரின் புத்தகத்திலேயே 'தள்ளுபடி' என்றொரு செயல் இருக்கிறது. சொல்பவர் 0.8 அளவுக்கு நம்பகமானவர் என்றால், அவர் சொன்ன நிறையை 0.8ஆல் பெருக்கு, மீதியைத் தெரியாதுக்குக் கொடு. 0.6 என்ற சந்தேகம் ஒரு தாவலில், அதாவது ஒரு கணுவில் இருந்து அடுத்த கணுவுக்குப் போகும்போது, 0.48 ஆகும், அடுத்ததில் 0.384. இதை வெறும் நம்பகத்தன்மை பற்றிய ஏற்பாடாகத்தான் நான் முதலில் படித்தேன். வலைப்பின்னலில் அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது: பேயைக் கொல்வது. விதி இவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் கணு தன் நேரடிச் சாட்சியைப் புதிதாக எடுக்கிறது. அண்டைக் கணுக்களிடம் இருந்து கடைசியாக வந்ததைத் தள்ளுபடி செய்கிறது. எல்லாவற்றிலும் சிறிய எடையைத் தன் விடையாக வைக்கிறது. போன சுற்றில் தான் கண்ட விடையை அது உள்ளே சேர்ப்பதில்லை.

மூன்று கணுக்களை வைத்து நடத்திப் பார்க்கலாம். இங்கே எண்களை எடையாக இல்லாமல் சாவின் நிறையாக எழுதுகிறேன்; எடையில் சிறியது என்பது நிறையில் பெரியது. அ, ஆ, இ, மூன்றும் ஒன்றோடொன்று இணைந்தவை. இ-க்கு மட்டும் நிஜமான நேரடிச் சந்தேகம் 0.6. ஆ-வின் நினைவகத்தில் புரண்ட பிட், 0.99. முதல் சுற்றில் அ-வும் இ-யும் ஆ-விடம் இருந்து 0.792 பெறுகின்றன, ஆ தன் நேரடிச் சாட்சியைப் பார்க்கிறது, அங்கே எதுவும் இல்லை, ஆக அதன் பேய் போய்விட்டது. இரண்டாவது சுற்றில் பேய் 0.634 ஆக எல்லாரிடமும் திரும்பி வருகிறது. மூன்றாவதில் 0.507. இப்போது இ-யிடம் அது தோற்றுவிட்டது, ஏனென்றால் இ-யின் சொந்த 0.6 அதைவிடப் பெரியது. நான்காவதில் 0.406; அ-வுக்கும் ஆ-வுக்கும் இ-யிடம் இருந்து 0.48 வருகிறது, அதற்குக் கீழே பேய் அமுங்கிவிடுகிறது. இ 0.6, அ 0.48, ஆ 0.48. பிட் புரளாமல் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய விடை இதுவேதான். யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை.

கூர்ந்து பார்த்தால் இது புதிய உருவம் இல்லை. 'என் சொந்த மதிப்பு, அண்டையவர் மதிப்பைக் கொஞ்சம் மோசமாக்கியது, இரண்டில் சிறியது.' குறும்பாதை கண்டுபிடிக்கும் பெல்மன்-ஃபோர்டு முறையின் எலும்புக்கூடு அது. அங்கே ஒவ்வொரு தாவலுக்கும் தூரத்தில் ஒன்று கூடும். இங்கே எடை 1ஐ நோக்கிக் கொஞ்சம் நகரும். குறும்பாதையில் இணைப்பு அறுந்தால் பழைய தூரம் சுற்றிச் சுற்றி முடிவில்லாமல் எண்ணப்படும் பிரச்சினையும் இந்தப் பேயும் ஒன்றுதான். ரிப் என்ற பழைய வழிகாட்டு நெறிமுறை அதனால்தான் 16ஐ முடிவிலி என்று அறிவித்து எண்ணுவதை நிறுத்தியது. நமக்கு அப்படி அறிவிக்கத் தேவையில்லை. 1 என்ற கூரை இயல்பாகவே இருக்கிறது, அதற்குப் பொருளும் இருக்கிறது: ஒன்றும் தெரியாது.

இதில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, நிரலாக எழுதுபவர்களுக்காகச் சொல்கிறேன். எடையை 0 முதல் 255 வரை ஒரு பைட்டில் வைத்தால் எந்தப் பக்கம் முழுமையாக்குவது? 0.8 தள்ளுபடி என்றால் புதிய எடை 51 கூட்டல் பழையதில் 0.8 பங்கு. பழையது 253 என்றால் 253.4 வரும். அருகில் உள்ள முழு எண்ணாக்கினால் மறுபடி 253. பேய் அங்கேயே உட்கார்ந்துவிடும், என்றென்றைக்கும். எப்போதும் மேலே, அதாவது 'தெரியாது' பக்கமே முழுமையாக்கினால் 254, அப்புறம் 255, முடிந்தது. கணிதத்தில் எல்லையை நெருங்கிக்கொண்டே போகும் பேய், பைட்டில் எண்ணி முடிக்கக்கூடிய சுற்றுகளில் நிஜமாகவே செத்துப்போகிறது.

தள்ளுபடி எவ்வளவு வைப்பது என்பதில் சுலபமான பதில் இல்லை. 0.8 வைத்தால் 0.99 பேய் பத்துச் சுற்றில் 0.11க்கு வந்துவிடும், ஆனால் 0.6 என்ற உண்மையான சந்தேகமும் ஐந்து தாவலில் 0.2 ஆகிவிடும், தூரத்தில் இருப்பவருக்கு அது காதிலேயே விழாது. 0.95 வைத்தால் அதே சந்தேகம் ஐந்து தாவலுக்குப் பிறகும் 0.46 இருக்கும், பேய் 0.1க்கு இறங்க 45 சுற்று வேண்டும். எவ்வளவு தூரம் கேட்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் மறக்க வேண்டும், இரண்டும் ஒரே திருகில் இருக்கின்றன. சாவுச் செய்திகளுக்கு நான் வேகமாக மறப்பதையே தேர்ந்தெடுக்கிறேன். தவறான சாவு அறிவிப்பு செய்யும் சேதம் அதிகம்.

எச்சரிக்கை விதிக்கு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. உண்மையிலேயே தொடர்பில்லாத இரண்டு கணுக்கள் தனித்தனியாகப் பார்த்து ஆளுக்கு 0.6 என்றால், நியாயப்படி 0.84 வர வேண்டும். இந்த விதி 0.6லேயே நிறுத்திவிடும். இரண்டு கண்கள் பார்த்த பலன் கிடைக்காமல் போகிறது. அதனால் நான் இடத்தைப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒரு கணுவுக்குள்ளேயே, போர்ட் மறுப்பு ஒரு வழி, மின்சாரக் கட்டுப்பாட்டுப் பலகையின் அறிக்கை இன்னொரு வழி என்று நிஜமாகவே வேறு வேறு பாதையில் வரும் சாட்சிகளைப் பெருக்குகிறேன். கணுவை விட்டு வெளியே போனதும் சிறியது மட்டும்தான். குழு சிறியது என்றால் வேறு வழியும் இருக்கிறது: ஒவ்வொரு சாட்சியோடும் அதைப் பிறப்பித்தவர் பெயரையும் வரிசை எண்ணையும் அனுப்பி, பெறுபவர் ஆளுக்கு ஒன்று வீதம் வைத்துக்கொண்டு டெம்ப்ஸ்டர் விதியைத் தைரியமாகப் பயன்படுத்தலாம். 'யார் சொன்னது' என்ற கேள்விக்கு நேரடி விடை அது. கணுக்கள் பெருகப் பெருக அந்தப் பட்டியலும் பெருகும் என்பதுதான் சிக்கல்.

அப்புறம் முரண். ஒருவர் சாவு 0.6 என்கிறார், இன்னொருவர் உயிர் 0.3 என்கிறார். பெருக்கினால் சாவு 0.42, உயிர் 0.12, தெரியாது 0.28. மீதி 0.18 வெற்றுக்கணத்தில் விழுகிறது: ஒரே நேரத்தில் உயிரோடும் செத்தும் இருக்க முடியாது. டெம்ப்ஸ்டர் இந்த 0.18ஐத் தூக்கி எறிந்துவிட்டு மற்றதை 0.82ஆல் வகுத்து மொத்தத்தை 1 ஆக்குகிறார். கணிதவியலாளர் லோட்ஃபி சாதே காட்டிய பிரபலமான எதிர்க்காட்டு இங்கேதான் கடிக்கிறது. ஒரு மருத்துவர் மூளைக்காய்ச்சல் 0.99, கட்டி 0.01 என்கிறார், இன்னொருவர் தலை அதிர்ச்சி 0.99, கட்டி 0.01 என்கிறார். சேர்த்தால் கட்டி நிச்சயம் என்று விடை வருகிறது, இருவருமே அது அநேகமாக இல்லை என்று சொல்லியும். முரண் 0.9999ஆக இருந்ததை வகுத்தல் விழுங்கிவிட்டது.

ஸ்மெட்ஸ் அந்த நிறையை எறியாமல் வெற்றுக்கணத்திலேயே விட்டுவைத்தார். கணுக்களின் உலகில் இதைவிட உபயோகமான ஒன்றை நான் பார்த்ததில்லை. முரண் பெட்டியில் எண் ஏறுகிறது என்றால் ஏதோ ஒரு கணு கெட்டிருக்கிறது, அல்லது வலைப்பின்னல் இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறது, அல்லது நிலைமை சற்றுமுன்தான் மாறி, பழைய செய்தியும் புதுச் செய்தியும் மோதுகின்றன. மூன்றுமே எனக்கு உடனடியாகத் தெரிய வேண்டியவை. முரணுக்கென்று ஒரு வரைபடம் திரையில் எப்போதும் திறந்திருக்கிறது. எது நடந்தாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

முடிவெடுக்கும்போது கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் பயன்படுத்துகிறேன். சாவு 0.6, உயிர் 0.3 என்ற அதே உதாரணத்தில், வகுத்த பிறகு, சாவு என்பதற்கு உறுதியான ஆதரவு 0.51, சாவாக இருக்க இடமுண்டு என்ற அளவு 0.85. இடைவெளி முழுக்க அறியாமை. புது வேலைகளை அந்தக் கணுவுக்கு அனுப்புவதை நிறுத்துவது மலிவான செயல், திரும்பப் பெறலாம். மேல் எல்லை ஏறியதுமே செய்துவிடலாம். அதன் பொறுப்புகளைப் பறித்து வேறொருவருக்குக் கொடுப்பது கனமான செயல்; அதற்குக் கீழ் எல்லை ஏற வேண்டும். ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. எனக்கு இந்தக் கோட்பாட்டின் மேல் பிடிப்பு வந்ததற்குப் பெரிய காரணம் இதுவே.

கடைசியாக, பொய் சொல்லும் கணு. சிறியதை எடுக்கும் விதிக்கு இவர்தான் மோசமான எதிரி. ஒருவர் எடை 0 என்று அனுப்பினால் எல்லாரும் அவர் பின்னால் போவார்கள். தள்ளுபடி இருப்பதால் அண்டையவரிடம் அந்தச் சாட்சியின் நிறை 0.8க்கு மேல் போகாது, ஆனால் 0.8 என்பதே போதுமான சேதம். 1982இல் லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் பைசாந்தியத் தளபதிகள் கதையாகச் சொன்ன எல்லை இங்கேயும் அப்படியே நிற்கிறது: கையெழுத்து இல்லாத செய்திகளோடு, ஒரு துரோகியைத் தாங்கி உடன்பாடு காண நான்கு பேராவது வேண்டும், மூன்று பேர் போதாது. நம்பிக்கைச் சார்பு அந்த எல்லையைத் தாண்ட உதவாது. உதவும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

செய்யக்கூடியது இது. அண்டையில் ஒருவருக்கு மேல் பொய்யர் இருக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டால், அண்டையவர் எடைகளில் மிகச் சிறியதை விட்டுவிட்டு இரண்டாவது சிறியதை எடுத்துக்கொள்கிறேன். பொய்யர் எவ்வளவு கீழே போனாலும், குறைந்தது ஒரு நேர்மையான கணு அதே அளவுக்கோ அதற்கு மேலோ சாட்சி சொன்னால்தான் அந்த எடை என்னிடம் ஏறும். அந்த நேர்மையான கணுவும் இதே விதிப்படிதான் நம்பியிருக்கும், அதனால் சங்கிலியின் ஆரம்பத்தில் நிஜமாகப் பார்த்த நேர்மையான ஒருவர் இருந்தே ஆக வேண்டும். இரண்டு எடைகளுக்கும், உயிருக்கும் சாவுக்கும், தனித்தனியாக இதைச் செய்கிறேன். ஓரங்களை வெட்டி எறியும் இந்த யோசனை, எண்களின் உடன்பாட்டில் லெப்லாங்க், சுந்தரம் முதலியோர் 2013இல் ஆராய்ந்ததன் உறவுக்காரன். வலைப்பின்னல் போதுமான அடர்த்தியோடு பின்னப்பட்டிருக்க வேண்டும் என்ற அவர்களின் நிபந்தனை போன்ற ஒன்று இங்கேயும் வருகிறது. ஒற்றைப் பாதையில் தொங்கும் கணுவிடம் உண்மைச் செய்தியும் போய்ச் சேராது, ஏனென்றால் அதற்கு இரண்டாவது அண்டையவர் இல்லை. அப்படிப்பட்ட கணுக்களுக்கு இப்போதைக்கு இன்னொரு இணைப்பு போட்டுத் தருகிறேன். போட முடியாத இடத்தில் வெட்டுவதை நிறுத்திவிட்டு, தள்ளுபடியை 0.8இல் இருந்து 0.5க்கு இறக்கி, முரண் வரைபடத்தில் அவற்றுக்குத் தனி நிறம் கொடுத்திருக்கிறேன்.